கண்ணெழுத்து முதல் க்யூ.ஆர். குறி வரை: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வரும் ஆண்டு

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குன்றெனக் குவிந்து கிடந்த பொதிகளைப் பற்றி நம் பண்டை இலக்கியங்கள் இரண்டு செய்தி தருகின்றன. சுங்கம் கொள்வோர் அப்பொதிகளின்மேல் சோழ வேந்தனின் புலிச் சின்னத்தைப் பொறித்துப் போகவிட்டனர் என்பது பட்டினப்பாலை தரும் செய்தி. பொதிகளின்மேல் உடையவர் பெயரும் சரக்கின் அளவும் எழுதப்பட்டிருந்தன என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. அவ்வெழுத்துக்கு அந்நூலில் வழங்கும் பெயர் ‘கண்ணெழுத்து’ என்பதாம். இப்பகுதியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது, திருப்பூரிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் எழுந்து, “எங்க கம்பெனியில அட்டைப்பெட்டி மேல மார்க்கிங் போடுவாங்க, அதுதானே ஐயா இது?” என்றார். வகுப்பு சிரித்தது. யாம் சிரிக்கவில்லை. அப்பகுதிக்கு அதனினும் தெளிவான உரை எமக்குத் தோன்றவில்லை.

வரும் ஆண்டில் நம் தொழில்களை எவ்வெப் புதுமைகள் நாடி வரும் என்னும் பொருள் பற்றி இம்மலருக்கு எழுத முற்பட்டபோது அம்மாணவரின் சொல்லே முதலில் நினைவுக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவு, தானே இயங்கும் வெட்டுமேசை, துணியைப் பார்த்துக் குறை சொல்லும் ஒளிப்படக் கருவி எனப் புதுமைகளின் பட்டியல் நீளமானதே. அவற்றைப் பொறியியல் கற்றோர் எம்மினும் நன்கு விளக்குவர். ஆயினும் திருப்பூர்ச் சந்துகளில் பத்து எந்திரம், பதினைந்து எந்திரம் வைத்துத் தொழில் நடத்தும் ஒருவரின் வாயிற்கதவை முதலில் தட்டப்போவது கணக்குக் கேட்கும் எந்திரம். துணி எங்கிருந்து வந்தது, எந்த நீரில் சாயமேறியது, யார் கை தைத்தது என்று அது கேட்கும். விடை எழுத்தில் இருக்க வேண்டும். இது பழைய கண்ணெழுத்தின் புதிய வடிவம் என்பதால் தமிழாசிரியன் ஒருவன் இதனுள் நுழைவது தகும் எனக் கருதுகிறோம்.

நூறாண்டு வழி

திருப்பூரின் முதல் பின்னலாடைத் தொழிலகம் 1925ஆம் ஆண்டு குலாம் காதர் என்பவர் தொடங்கிய ‘பேபி நிட்டிங்’ என்பர். நம் சமுதாயத்துப் பெரியவர்கள் இப்பெயரைப் பெருமையுடன் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். இளைஞர்களுள் பலர் அறிந்திலர். 1925ஐத் தொடக்கமாகக் கொண்டால் 2025ஆம் ஆண்டுடன் அத்தொழிலுக்கு நூறாண்டு நிறைந்துவிட்டது. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் கோவை வட்டாரத்தை எட்டியது. கையால் சுழற்றிய எந்திரங்கள் விசையால் சுழலத் தொடங்கின. அதன்பின் பல்லாண்டுகள் திருப்பூர் என்றால் வெள்ளைப் பனியன் என்பதே பொருளாக இருந்தது. 1978இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் பம்பாய் ஏற்றுமதியாளர் வழியே வெள்ளை டி-சர்ட்டுகளைத் தேடி இவ்வூருக்கு வந்த பின்னர்க் கடல் கடந்த வணிகம் வேரூன்றியது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 2005 ஜனவரி முதல் நாளில் உலக ஆடை வணிகத்தின் கோட்டா முறை நீங்கியது. 2024-25 நிதியாண்டில் இவ்வூரின் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இச்சிறு நிலப்பரப்பிலிருந்தே செல்கிறது.

இவ்வளர்ச்சியின் அடிப்படை எது என்பதை ஈண்டுச் சற்று நின்று நோக்க வேண்டும். சாரத் சாரி என்னும் ஆய்வாளர் திருப்பூரைப் பற்றி எழுதி 2004இல் வெளிவந்த நூலில், இவ்வூர் முதலாளிகளுள் பலர் ஒருகாலத்தில் இதே எந்திரங்களின்முன் அமர்ந்து உழைத்தவர்கள் என்பதை விரித்துரைக்கின்றார். அவ்வாறு எழுவதற்கு இடமளித்தது ‘ஜாப் ஒர்க்’ என்னும் பிரிவினை முறையாகும். ஒரே கூரையின்கீழ் எல்லா வேலையும் நடைபெறும் பெரிய ஆலைகளும் உண்டு. ஆயினும் பெரும்பகுதி வேலை பல கைகளில் பிரிந்தே நடக்கிறது. கோவை, திண்டுக்கல் வட்டார ஆலைகளிலிருந்து நூல் வரும். ஓரிடத்தில் நிட்டிங். வேறோரிடத்தில் சாயப்பட்டறை. பின்னர்க் காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒரு பனியன் பத்துக் கைகள் மாறியே பெட்டிக்குள் போகிறது. கையில் பெரும் பணமில்லாதவர் இப்பத்துப் படிகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நான்கு எந்திரம் வாங்கிப் போட்டு, முதலாளி ஆகிவிடலாம். திருப்பூரின் ஏணி இதுவே. ‘இந்த ஆடை எங்கெங்கே போய் வந்தது?’ என்று எவரேனும் கேட்கும்போது விடை கூற இயலாமல் போவதற்கும் இதுவே காரணம்.

ஐரோப்பா கேட்கும் பிறப்புச் சான்று

கேட்கத் தொடங்கிவிட்டனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 18ஆம் நாள் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொருள்கள் நெடுநாள் உழைக்குமாறும், பழுது நீக்கத்தக்கவாறும், மறுசுழற்சிக்கு ஏற்றவாறும் வடிவமைக்கப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். அச்சட்டம் ‘மின்னணுப் பொருட் கடவுச்சீட்டு’ ஒன்றைக் கொண்டுவருகின்றது. மனிதர் நாடு கடக்கக் கடவுச்சீட்டு வேண்டுவதுபோலப் பொருளுக்கும் ஒரு சீட்டு என்று கொள்ளலாம். ஆடையில் தைக்கப்பட்ட சிறு துண்டில் க்யூ.ஆர். குறி இருக்கும். கைப்பேசியை அதன்முன் காட்டினால் அவ்வாடையின் வரலாறு திரையில் தோன்றும். 2025 ஏப்ரலில் ஒன்றியம் வெளியிட்ட செயல்திட்டம் ஆடைகளை முன்னுரிமைப் பொருள்களுள் வைத்து, அவற்றுக்கான விதிகளை 2027இல் இயற்றுவதை இலக்காகக் குறித்தது. விதி இயற்றிய பின்னும் நடைமுறைக்கு வரக் குறைந்தது ஒன்றரை ஆண்டு இடைவெளி உண்டு. எனவே நாளையே வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் பொருள் வாங்கும் பெருநிறுவனங்கள் சட்டம் வரும்வரை காத்திருப்பதில்லை. ஆர்டர் கொடுக்கும்போதே இவ்விவரங்களைக் கேட்டுப் பழகுகின்றனர்.

அமெரிக்காவின் கேள்வி வேறு வகையானது. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் கட்டாய உழைப்பால் விளைந்த பொருள் தம் நாட்டினுள் வரலாகாது என்னும் சட்டத்தை 2022 ஜூன் 21 முதல் அந்நாடு செயற்படுத்தியது. ஐயத்துக்குரிய ஆடை துறைமுகத்தில் நிறுத்தப்படும். அதன் பஞ்சு எந்நிலத்தில் விளைந்தது என்பதை விற்பவரே மெய்ப்பிக்க வேண்டும். தாளில் எழுதியதை மட்டும் அவர்கள் நம்புவதில்லை. பஞ்சு விளைந்த மண்ணும் நீரும் இழையில் விட்டுச்செல்லும் அணுக்கூறுகளின் விகிதத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்தும் பார்க்கின்றனர். நிலம் தன் கையெழுத்தை இழையிலேயே இட்டு அனுப்புகிறது எனலாம்.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது விதித்த இறக்குமதி வரி ஐம்பது விழுக்காடு ஆனபோது திருப்பூர் அடைந்த அதிர்ச்சியை நாம் அறிவோம். அவ்வூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு அந்நாட்டுக்கே சென்றுகொண்டிருந்தது. அந்நாட்களில் ஏற்றுமதியாளர் பலரின் பார்வை ஐரோப்பாவின் பக்கமும், 2025 ஜூலை 24இல் நம் நாட்டுடன் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரிட்டனின் பக்கமும் திரும்பியது. வரி குறைந்த வாயிலைத் தேடிச் சென்றவர்களை, ஐரோப்பாவின் வாயிலில் ‘சீட்டு எங்கே?’ என்னும் கேள்வி வரவேற்கிறது.

ஒரு நீள நோட்டின் கதை

எம் தாய்மாமன் மகன் திருப்பூரில் பத்துத் தையல் எந்திரங்களுடன் ஜாப் ஒர்க் நடத்துகிறார். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தி, கைமடித்துக் கொடுக்கும் சிறுவனாகக் கம்பெனிக்குள் நுழைந்தவர். அவர் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். தேதி, வந்த கட்டு எத்தனை, ஒரு கட்டில் பீஸ் எத்தனை, ஆல்டர் எத்தனை, திருப்பி அனுப்பியது எத்தனை, யாருக்கு எத்தனை ஷிப்ட், சனிக்கிழமை கொடுத்த சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் அதில் உண்டு. தமிழில், பென்சிலால், அடித்தல் திருத்தல் இன்றி. பல ஆண்டுக் கணக்கில் ஒரு பீஸ் தவறியதில்லை என்பது அவர் பெருமை. பொய்யன்று, யாம் பார்த்திருக்கிறோம்.

ஒருநாள் அவருக்கு வேலை தரும் ஏற்றுமதி நிறுவனத்துக்காகக் கணக்கு நோக்க ஓர் அம்மையார் வந்தார். வெளிநாட்டு வணிகர் அனுப்பியவர். பணிவாகவே பேசினார் என்பர். நோட்டைப் புரட்டிவிட்டு, குறிப்பிட்ட ஒரு நாளில் தைத்த மஞ்சள் துணி எந்தச் சாயப்பட்டறையின் எந்த லாட் என்று கேட்டார். நோட்டில் இருந்தது இவ்வளவே: ‘மஞ்ச துணி, 40 கட்டு, சின்ன வேன்’. சின்ன வேனை ஓட்டி வந்தவர் யார் என்பது எம் உறவினருக்குத் தெரியும்; அவர் எந்த ஊர், அன்று எத்தனை மணிக்கு வந்தார் என்பதும் தெரியும். லாட் எண் தெரியாது. அவரிடம் யாரும் சொன்னதில்லை; அவரும் கேட்டதில்லை. அடுத்த மாதம் முதல் அந்நிறுவனத்தின் கட்டுகள் வருவது நின்றது.

“என் கணக்குல என்ன தப்பு மச்சான்?” என்று அவர் எம்மிடம் கேட்டார். தவறொன்றும் இல்லை. அவர் தமக்கும் தம் தொழிலாளர்க்கும் இடையே உள்ள கணக்கை எழுதினார். அவ்வம்மையார் கேட்டதோ துணியின் வரலாறு. இரண்டும் வெவ்வேறு நூல்கள். முதல் நூலை அவர் எழுதக் கற்றார். இரண்டாவது நூல் என ஒன்று உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். இந்நிலையில் அவர் ஒருவர் மட்டும் இல்லை. அச்சந்தில் அவரைப்போல் பலர்.

நொய்யல் கற்பித்த பாடம்

இதற்கு வழி உண்டா என வினவுங்கால் திருப்பூரின் வரலாற்றிலிருந்தே ஒரு விடை கிடைக்கின்றது. சாயத் தொழிலின் துன்பக் கதையைப் பெரியவர்கள் அறிவர். பருத்தி இழையும் சாயமும் நீரில் ஒன்றையொன்று விலக்கும் தன்மையன. உப்பைக் கொட்டினால்தான் சாயம் இழையை நெருங்கும். வேலை முடிந்தபின் அவ்வுப்பு முழுவதும் கழிவுநீருடன் வெளியேறும். அது பல்லாண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, உழவர் நீரைத் திறக்க வேண்டாம் என்று வேண்டும் அளவுக்குச் சாயநீர்க் குட்டையாயிற்று. வழக்குகள் நடந்தன. 2011 ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அவ்வாண்டு திருப்பூரை விட்டு வேலை தேடிச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் எம் வகுப்புகளிலும் இருந்தனர்.

தீர்வு ‘ஒரு சொட்டும் வெளியேற்றாமை’ என்னும் முறையாக வந்தது. கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்களால் தூய்மை செய்வர். பின்னர் மிக நுண்ணிய துளைகளையுடைய ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே அழுத்தத்தில் செலுத்துவர். நன்னீர் பிரிந்து வரும். எஞ்சிய உப்புநீரை நீராவியின் வெப்பத்தால் வற்றச் செய்து உப்பைத் திரும்ப எடுப்பர். அந்த நீரும் உப்பும் மீண்டும் சாயத் தொட்டிக்கே செல்லும். பழைய ‘வின்ச்’ தொட்டிகள் ஒரு கிலோ துணிக்கு ஒவ்வொரு முறையும் பதினைந்து, இருபது லிட்டர் நீர் கேட்டன. இன்றைய ‘சாஃப்ட் ஃப்ளோ’ எந்திரங்களுக்கு ஐந்தாறு லிட்டர் போதும். ஆயினும் முழுமையான சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைத் தனியே நிறுவச் சிறு பட்டறைக்கு ஏது வழி? கூடிச் செய்தனர். பல பட்டறைகள் சேர்ந்து குழாய் இழுத்து ஒரு பொது நிலையத்துக்கு நீரை அனுப்பின. இத்தகைய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பதினெட்டு அங்கே இயங்கலாயின. நாளொன்றுக்குப் பதின்மூன்று கோடி லிட்டர் நீர் மீள்கிறது என்பது தொழிலமைப்புகள் கூறும் கணக்கு. ஒருகாலத்தில் நீதிமன்றத்தில் குற்றமாக நின்றது இன்று வெளிநாட்டு வணிகரிடம் நற்சான்றாகக் காட்டப்படுகின்றது. கடன்பட்டு நொடித்தவர்களையும் மறக்கலாகாது. அப்பெயர்கள் எந்த விளம்பர ஏட்டிலும் இல்லை.

நீரைப் பொதுவில் தூய்மை செய்ய முடிந்ததெனில், எழுத்தைப் பொதுவில் செய்ய முடியாதா? பத்து, இருபது ஜாப் ஒர்க் கூடங்களுக்கு ஒரு பொது எழுத்தகம். ஒரு கணிப்பொறி, இரண்டு எழுத்தர். கட்டு வந்ததும் அதன்மேலுள்ள குறியைக் கைப்பேசியால் படிக்க, நூல், நிட்டிங், சாய லாட் எண்கள் முன்னவர் எழுதியபடியே வந்து சேரும்; தாம் செய்த வேலையை மட்டும் இவர் சேர்த்தால் போதும். முன்னவர் எழுதாவிட்டால் பின்னவர் எழுதுவதற்கு ஒன்றும் இராது; ஆகவே நூல் ஆலையும் சாயப்பட்டறையும் முதலில் எழுதியாக வேண்டும். இதற்கு மாதிரி இல்லாமலில்லை. ‘கஸ்தூரி காட்டன் பாரத்’ என்னும் திட்டத்தில் பஞ்சுப் பொதிக்கே க்யூ.ஆர். குறி இட்டு, அடுத்தடுத்த நிலைகளிலும் அதனைத் தொடர்ந்து பதிவு செய்கின்றனர். பருத்தி வயலின் பக்கத்திலிருந்து ஒரு நூல் புறப்பட்டு வருகிறது. சந்தில் இருக்கும் பத்து எந்திரக் கூடம் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அல்லாவிடில் அந்நூல் அக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு பெரிய ஆலைக்குப் போய்விடும்.

பொய்யும் எழுத்திலேயே வரும்

எழுத்து வந்துவிட்டால் உண்மையும் வந்துவிடும் என எண்ணுவாரும் உளர். 2020ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்ததை அவர்கள் அறிய வேண்டும். இயற்கை வேளாண் பருத்திக்கு உலக அளவில் மதிப்புடைய கோட்ஸ் என்னும் சான்று உண்டு. அவ்வாண்டு அக்டோபரில் அவ்வமைப்பு, இந்தியாவிலிருந்து சுமார் 20,000 டன் பருத்திக்குப் பொய்ச் சான்றுகள் உண்டாக்கப்பட்டதைக் கண்டுபிடித்து அறிவித்தது. அச்சான்றுகளில் க்யூ.ஆர். குறியும் இருந்தது. அதனைக் கைப்பேசியால் படித்தால் அரசு அமைப்பின் இணையதளம் போலவே புனையப்பட்ட போலித் தளம் திறந்தது. புலிச் சின்னத்தைப் போலியாகச் செதுக்கியவன் புகாரிலும் இருந்திருக்கக் கூடும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் கடையில் குவியலுள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அவ்வீரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்கலாகாதா என்று கடைக்காரரை வினவிய நிகழ்ச்சி நம்முள் பலர் அறிந்ததே. மழை நனைத்தது குற்றமன்று; மறைத்தது குற்றமாயிற்று. வணிகராய் வாழ்ந்த நாயகம் அவர்களை மக்கா நகரத்தார் ‘அல்-அமீன்’, நம்பத்தக்கவர், என அழைத்ததும் சீட்டையும் முத்திரையையும் பார்த்தன்று. எந்திரம் குறியைப் படிக்கும். குறிக்குள் எதை இடுவது என்பதை அவ்விரவில் சோர்வுடன் அமர்ந்திருக்கும் எழுத்தரே முடிவு செய்கிறார். நாற்பது கட்டை நாற்பத்தைந்து எனக் குறிக்கச் சொல்லி அவர்மேல் அழுத்தமும் வரும்.

பார்க்கும் கருவிகள், எண்ணும் கருவிகள்

செயற்கை நுண்ணறிவு பற்றியும் சில சொல்ல வேண்டும். இல்லையேல் மாணவர் எம்மை மன்னியார். வட்டப் பின்னல் எந்திரத்தில் ஓர் ஊசி முறிந்தால் அந்த ரோல் முழுதும் ஒரு கோடு விழும். இருபது, இருபத்தைந்து கிலோ துணி பாழ். எந்திரத்தின் உள்ளே விளக்கும் ஒளிப்படக் கருவியும் பொருத்தி, கோடு தோன்றிய கணமே நிறுத்தும் முறை வந்துவிட்டது. ஆடையின் அடக்கவிலையில் பாதிக்கு மேல் துணிக்கே போவதால், வெட்டும் வடிவங்களைக் கணிப்பொறியில் நெருக்கமாக அடுக்கி மிச்சப்படுத்தும் ஒவ்வொரு விழுக்காடும் பணம். மாதிரி ஆடையைத் திரையிலேயே உருவாக்கி வணிகருக்குக் காட்டுவதால் அஞ்சல் செலவும் நாளும் மிச்சம். இவை யாவும் நன்றே.

தையல் மட்டும் மனிதர் கையில் நிற்கின்றது. பின்னல் துணி நெகிழும், இழுபடும், வெட்டிய ஓரம் சுருளும். அதை விரலால் நீவி ஊசிக்கு ஊட்டும் தன்மையை எந்திரக் கைக்குக் கற்பிப்பது எளிதன்று. ஆகவே ஒவ்வொரு தையல்காரர் முன்னும் ஒரு சிறு திரையை வைத்து, மணிக்கு எத்தனை பீஸ் என எண்ணுகின்றனர். கூலி சரியாகக் கணக்காகும் என்பது நன்மை. தண்ணீர் குடிக்க எழுந்த நிமிடமும் கணக்காகும் என்பதை அத்திரைமுன் அமர்ந்த பெண்கள் சொல்லக் கேட்டோம். எண்ணும் கருவி யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது எமக்கு முக்கியமாகப் படுகின்றது. தன் பீஸ் கணக்கைத் தானும் பார்க்கத் தொழிலாளிக்கு உரிமை வேண்டும். தன் மொழியில் வேண்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தோர்க்கு அவர்தம் மொழியில்.

கடன் எழுத்து

எழுத்து சிறியவரைக் கேள்வி கேட்க மட்டும் வருவதன்று. திருமறையின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்வது பற்றியதாகும். எழுத்தர் நேர்மையுடன் எழுத வேண்டும் என்றும், கடன்பட்டவர் தாமே சொல்லி எழுதுவிக்க இயலாதவராயின் அவர்தம் பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும், சாட்சிகள் வேண்டும் என்றும் அது விரித்துரைக்கின்றது. தொகை சிறிதாயினும் எழுதச் சலிக்கலாகாது என்பதும் அதிலுண்டு. எழுத்தறியாதவரையும் எழுத்தின் காவலுக்குள் கொண்டுவரும் அக்கறை எம்மை வியப்பில் ஆழ்த்தும்.

ஜாப் ஒர்க் செய்வோரின் பெருந்துயர் கூலிப் பாக்கி. மூன்று மாதம், நான்கு மாதம் என்று நீளும். 2006ஆம் ஆண்டின் சட்டம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலகத்துக்கு உடன்படிக்கை இருப்பினும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்றது. அச்சட்டத்துக்கு யாரும் பெரிதாக அஞ்சவில்லை. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு விதியைச் சேர்த்தது: அவ்வாறு குறித்த நாளுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டு வரை, செலவாகக் கழிக்க முடியாது. 2024இல் இது திருப்பூரில் பெரும் பேச்சாயிற்று. சிறியவரிடம் பதிவு இருந்தால் வேலையே கொடுக்க மாட்டோம் என்றோரும் இருந்தனர் எனக் கேள்வி. ஆயினும் பதிவும், முறையான டெலிவரி சலானும், பில்லும் இல்லாதவர் இவ்விதியின் நிழலிலும் ஒதுங்க இயலாது. பென்சிலால் எழுதிய நீள நோட்டை வரி அலுவலர் ஏற்பாரா? பில்லை மின்னணுச் சந்தையில் வைத்து உடனே பணம் பெறும் ‘ட்ரெட்ஸ்’ முறையும் உண்டு. அதில் கழிவாகப் பிடிக்கும் தொகை வட்டியாகுமா என்னும் ஐயம் நம் வணிகர்க்கு எழும். அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக; எம் துறை அன்று.

பொது எழுத்தகத்துக்கு எழுத்தர் எங்கிருந்து வருவர்? எம் கண்முன் அமர்ந்திருக்கும் மாணவர்களை நோக்குகிறோம். தமிழ் படித்தால் ஆசிரியப் பணி அன்றி வேறில்லை என வருந்துவோர், பனியன் கம்பெனியின் சொற்களைக் கேளுங்கள்: லாட், டயா, ஜி.எஸ்.எம்., ஆல்டர், காஜா. இவற்றுக்குத் தூய தமிழாக்கம் செய்து தரச் சிலர் முனைவர். வேண்டா. தொழிலாளி வாயில் வழங்கும் சொல்லே திரையில் வர வேண்டும். அச்சொல்லுக்கு அயல்நாட்டு வணிகர் கேட்கும் சொல் எது என்பதை இணைத்துக் காட்டும் ஒரு சிறு அகராதி வேண்டும். அதனைத் தொகுக்கக் கணிப்பொறி அறிஞர் தனியே போதார். சந்துக்குள் சென்று கேட்டு எழுதும் தமிழ் மாணவர் வேண்டும். சமுதாயப் பெரியவர்கள் பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் அறையும் ஒரு கணிப்பொறியும் தர முன்வரின், ஒரு தெருவுக்கேனும் இதனைத் தொடங்கிப் பார்க்கலாம்.

எம் உறவினரின் கூடத்தில் ஒரு சிறு தொடக்கம் நடந்துள்ளது. எம் மாணவர் இருவர் சில ஞாயிறுகளில் சென்று, அவருடைய நோட்டின் கட்டங்களை அப்படியே கைப்பேசியில் அமைத்து, லாட் எண்ணுக்கு ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தனர். இப்போது வேன் வந்தால் கட்டை இறக்குமுன் லாட் சீட்டைக் கேட்கிறார். சீட்டு இல்லையேல் அங்கிருந்தே சாயப்பட்டறைக்குப் பேசுகிறார். நின்றுபோன நிறுவனத்தின் கட்டுகள் இன்னும் திரும்பவில்லை. வேறொருவர் வேலை தருகிறார். நோட்டை மட்டும் அவர் விடவில்லை. முதலில் பென்சில், பிறகுதான் கைப்பேசி. ஏன் இரண்டு முறை எழுத வேண்டும் என்று மாணவர் கேட்டதற்கு, “கரண்ட் போனா, போன் ஆஃப் ஆனா, சனிக்கிழமை சம்பளத்துக்கு நான் யார்கிட்டப்பா போய் கேக்கறது?” என்றாராம்.